காருக்குச் சாட்சி

பழைய கார் விற்கப் போகிறவர்கள் மனைவியை உடன் அழைத்துப் போகக் கூடாது. நான் அழைத்துப் போனேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. வாங்கியபோது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. நான்தான் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தாழ்த்தி, பின்னால் ஓர் இறக்கையை மாட்டி, தொண்டை கட்டிய எருமை மாதிரி கத்தும் சைலன்சரும் வைத்தேன். (தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.) என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம் ஆனதும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: “பிரசவத்துக்கு இதுல மட்டும் ஏத்தியாராதீக.” இதை விற்றால்தான் வேறு கார்.

காரைக் கேட்டு ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் போனில் பேசினார். அவர் மகளும் பிள்ளைத்தாய்ச்சி.

“குலுக்காமப் போகுமா தம்பி?”

“என் சம்சாரமும் மாசமாத்தாங்கய்யா இருக்கா. இதுலதான் போறா, வாறா. கூட்டியே வாறேன், பாருங்க.”

‘வாயைத் திறக்காதே, சிரித்த முகமாக உட்கார்ந்திரு’ என்று செல்வியிடம் சொல்லி வைத்தேன். அவளும் அப்படியே பின்சீட்டில் இருந்தாள். ஓடைப்பட்டி போனதும் முன்சீட்டில் தோட்டக்காரர் ஏறிக்கொண்டார். “பள்ளம் மேடு ஒண்ணுமே தெரியாதுங்கய்யா” என்று நான் அளந்துகொண்டே ஓட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை. பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தினேன். பின்கதவு திறந்தது. செல்வி வயிற்றைப் பிடித்தபடி இறங்கி, வேகத்தடையைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

(ஆள் கூடினால் அடிப்பாகம் இடிக்கும். அதனால் எல்லா வேகத்தடையிலும் அவள் இறங்கி நடப்பாள். அது விசித்திரம் என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.)

“ஏ ஆத்தா, எதுக்கு எறங்குன?”

“ஸ்பீட் பிரேக்கருல்லய்யா? நீங்களும் எறங்குங்க, அப்பத்தான் ஏறும்.”

அவர் இறங்கினார். திட்டுவார் என்று பார்த்தேன். என் பக்கமே திரும்பவில்லை.

“தேனியிலருந்து இங்கன வார வரைக்கும் எத்தன தடவ எறங்குன தாயி?”

செல்வி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை தடவையும் நான் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்!

செல்வி மடியில் ஒரு கூடைத் திராட்சையை வைத்து, தன் ஜீப்பிலேயே அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார் அந்த மனிதர். நான் காலி வண்டியில் பின்னாலேயே வந்தேன். எங்கேயும் இடிக்கவில்லை.

பிரசவத்துக்கு ஆட்டோவில்தான் போனோம். மகள் பிறந்தாள். காரைப் பிறகு கம்பத்தில் கல்யாணமாகாத ஒருவர் வாங்கிக்கொண்டார்.

இன்றும் விருந்தாளிகளிடம் நான் கொஞ்சம் கூட்டிப் பேச ஆரம்பித்தால் போதும், செல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள்.

“நான் எறங்கிக்கிறேங்க.”

உள்ளேயிருந்து மகள் குரல் வரும்: “இரும்மா, நானும் எறங்கிக்கிறேன்.”