சும்மா சார்

கடிகாரம் சுவரில் ஏறி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது.

"ஏங்க, சுவர் வேர்க்குது பாருங்க," என்றாள் மனைவி.

"வெயில் காலம். நமக்கே வேர்க்குது, சுவருக்கு வேர்க்காதா?" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எதிர்ச் சுவருக்கு வேர்க்கலையே?"

"அது நிழல்ல இருக்கு."

"ரெண்டும் வீட்டுக்குள்ளதாங்க இருக்கு."

அவர் வேலைக்குக் கிளம்பினார். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற எண்ணம் அவரை நிம்மதியாக நடக்கவிடவில்லை.

அந்தப் பகுதியில் தச்சர், கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று யாரைக் கேட்டாலும் அவரைத் தெரியும். பெயர்தான் தெரியாது. சும்மா சார் என்றால் தெரியும். "சும்மா வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிடுவார். வந்து பார்ப்பார்கள். செலவு சொல்வார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். சமையலறைக் கதவைப் பார்க்க மட்டும் மூன்று வருடத்தில் ஏழு தச்சர்கள் வந்துபோனார்கள். அது இன்றும் திறக்கும்போது அழுகிறது.

இத்தனைக்கும் அவருக்கு வேலை ஒரு பொத்தான் தொழிற்சாலையில். நாள் முழுக்க விளக்கடியில் உட்கார்ந்து பொத்தான்களைப் பார்த்து, நல்லது, நொள்ளை என்று பிரிக்க வேண்டும். பார்ப்பது மட்டும்தான். அதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்குவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. கடிகாரம் மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அந்த ஆள் போனிலேயே, "வந்து பாக்கறதுக்குத் தனி, ஓட்டை போடறதுக்குத் தனி," என்று சொல்லிவிட்டார்.

"ஒரு ஓட்டைக்கு என்னய்யா பார்வை?"

"சுவருக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்கணும், சார்."

"சுவருக்குள்ள செங்கல்தான் ஓடும்!" என்று போனை வைத்தார்.

மாடி வீட்டில் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கினார். மனைவியும் மாமனாரும் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். 'ட்ர்ர்ர்' என்று இறங்கிய மெஷின் திடீரென்று 'உஸ்ஸ்' என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. முகத்தில் பீய்ச்சிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் கிடந்த பிசினை உருட்டித் திணித்து, அதன் மேல் திருகாணியை முறுக்கி, கடிகாரத்தை மாட்டி மறைத்துவிட்டார்.

"சட்டை ஏங்க இப்படி நனைஞ்சிருக்கு?" என்று கேட்டாள், திரும்பி வந்த மனைவி.

"உழைப்பு," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பிடும்போது சொற்பொழிவே நடத்திவிட்டார். "பாக்கறதுக்குக் காசு குடுக்கிறவன் இளிச்சவாயன். நாளைக்கு மூச்சு விடறதுக்கும் ரேட் சொல்வானுங்க. இப்போ பாருங்க, யாரு மாட்டினது? நான் மாட்டினது!" மாமனார் கைகூடத் தட்டினார்.

இதற்கு மேல் உண்மை வெளிவந்தால், அந்த வீட்டில் அவர் இனி எந்தப் பேச்சில் வாயைத் திறந்தாலும், மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். மெல்லக் கடிகாரத்தைப் பார்ப்பாள். அது போதும். ஆயுள் தண்டனை.

செவ்வாய்க்கிழமை மாலை மனைவி, "பெயின்டரை வரச் சொல்லியிருக்கேன். சும்மாதான். நீங்க எப்பவும் சொல்வீங்களே," என்றாள்.

அவர் எப்படி வேண்டாம் என்பார்?

பெயின்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே தலையை உள்ளே நீட்டினார். "பெயின்ட் மட்டம். ஹால் பூராவும் சுரண்டி, ரெண்டு கோட்டு அடிக்கணும்."

"கிட்ட வந்து பாக்கலியா?" என்றாள் மனைவி.

"சும்மா பாக்கறதுக்கு இவ்வளவு தூரம் போதும்மா. சரி, அந்தக் கடிகாரத்தை எடுங்க, அடியில பாக்கறேன்."

"கடிகாரத்தைத் தொடாதீங்க!" என்று அலறினார் சும்மா சார்.

பெயின்டர், மனைவி, மாமனார் மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கழட்டினா... நேரம் மாறிடும்."

"அது பாட்டரியில ஓடுதுங்க," என்றாள் மனைவி.

"பாட்டரிக்குத் தெரியுமா அது எங்க இருக்குன்னு? ஒரு தடவை மாட்டினா மாட்டினதுதான்."

பெயின்டர் அவரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க, சார்," என்று அவர் வசனத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கொத்தனார் வந்தார். இவர் உள்ளே வரைக்கும் வந்தார், சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "பூச்சு செத்துப்போச்சு. சுவரை இடிச்சுட்டுத்தான் கட்டணும். அந்தக் கடிகாரத்தை இறக்குங்க."

"முடியாது! எங்க மாமா அதைப் பாத்துத்தான் மாத்திரை போடுவாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு."

நாற்காலியில் இருந்த மாமனார் நிமிர்ந்தார். "நானா? எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, மாப்பிள்ளை?"

"அதெல்லாம் மாத்திரை போடறதாலதான் மாமா இல்லை!"

கொத்தனார் போனதும் மாமனாரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒரு பொட்டலம் புதினா மிட்டாயை அவர் கையில் அழுத்தினார். மகளுக்குத் தெரியாமல் இனிப்புத் தின்ன வழி தேடிக்கொண்டிருந்த மனிதர், ஒரே நொடியில் நோயாளியாகச் சம்மதித்தார். அன்று முதல் வீட்டில் நிம்மதி போயிற்று. பொத்தான் தொழிற்சாலைக்கே போன் வந்தது.

"மாப்பிள்ளை, நாலு மணி மாத்திரை தீந்துபோச்சு."

ஈரமும் சும்மா இருக்கவில்லை. உள்ளங்கை அகலம் தட்டு அகலமாகி, தட்டு தாம்பாளமாகியது. குளியலறைக் குழாயில் வேறு, திங்கள்கிழமையிலிருந்து தண்ணீர் நூல் போல ஒல்லியாக விழுந்தது. ஒரு வாளி நிரம்புவதற்குள் அவருக்குச் செய்த பாவமெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு திருகாணி ஒரு வீட்டின் தண்ணீரையே குடித்துவிடுமா என்று அவர் தனக்குள் மறுகினார்.

வியாழக்கிழமை விடியற்காலை எழுந்து, மனைவியின் ஹேர் டிரையரால் சுவருக்குச் சூடான காற்று அடித்தார். பின்னால் குரல் கேட்டது.

"என்னங்க, சுவருக்குத் தலை துவட்டி விடறீங்களா?"

"இல்ல... இது ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடுதா?"

ஓடியது. டிரையர் மட்டுமல்ல. சூட்டில் பிசின் இளகி, கடிகாரத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய நீர்க்கோடு, நான்காவது முள் போல ஆறு மணியைக் காட்டிக்கொண்டு இறங்கியது. அவர் முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றார். மனைவி காபி போடப் போகும் வரைக்கும் நின்றார். அவள் அன்றைக்கென்று மெதுவாகப் போனாள்.

அன்று தொழிற்சாலையில் ஒரு நொள்ளைப் பொத்தானைக் கையில் பிடித்தபடியே அவருக்கு யோசனை பிறந்தது. சும்மா வருவதால்தானே இத்தனை பேர் வருகிறார்கள்? காசு என்றால் அவள் கூப்பிடுவாளா? பன்னிரண்டு வருடமாக அவர் ஓதிய பாடம் அவள் ரத்தத்தில் ஊறியிருக்காதா?

மாலை வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"யோசிச்சுப் பாத்தேன். சும்மா கூப்பிட்டுப் பாக்கச் சொல்றது தப்பு. அவங்க நேரத்துக்கு மதிப்பு இல்லையா? வண்டிக்குப் பெட்ரோல் யாரு போடறது? நானே பொத்தானைப் பாத்துத்தானே சம்பளம் வாங்கறேன். இனிமே நம்ம வீட்டுக்கு யாரு வந்து பாத்தாலும் காசு குடுத்துத்தான் ஆகணும். அதுதான் நியாயம். உழைப்பு."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா. அதனால செலவு ஜாஸ்தி ஆகும்னா, யாரையும் கூப்பிடாம இருந்துடலாம்."

"சேச்சே. நீங்களே இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் கூப்பிடாம இருந்தா நல்லாவா இருக்கும்?" அவள் முகம் மலர்ந்தது. "பாக்கறதுக்குக் காசு வாங்கற பிளம்பரம்மா ஒருத்தங்க இருக்காங்க. சனிக்கிழமை வரச் சொல்றேன்."

வெண்டைக்காயை வெட்டும் சத்தம் மறுபடி கேட்டது. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவது போல இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் பிளம்பரம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் கருவிப் பை, காதில் பென்சில். ஹாலுக்கு நடுவே நின்று கேட்டார்.

"சும்மா பாக்கணுமா, காசுக்குப் பாக்கணுமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் அவர்.

"சும்மான்னா சுவரைப் பாப்பேன். காசுன்னா சுவருக்குள்ள பாப்பேன்."

"சும்மா! சும்மா பாருங்க, போதும்!"

"ஏங்க," என்றாள் மனைவி. "முந்தாநாள்தானே உழைப்புன்னீங்க? பெட்ரோல்னீங்க?"

அவர் பிளம்பரம்மாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் இப்படி வாங்க," என்று நடைக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பாக்கறதுக்கு எவ்வளவு வாங்கறீங்களோ, அதைப் போல ரெண்டு மடங்கு தர்றேன்."

"எதுக்கு சார்?"

"பாக்காம இருக்கறதுக்கு."

பிளம்பரம்மா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தார். "இருபது வருசமா வேலை பாக்கறேன். பாக்காம இருக்கறதுக்கு எங்கிட்ட ரேட் இல்லையே, சார்."

"போட்டுக்கோங்களேன்! நீங்களா ஒரு ரேட் போட்டுக்கோங்க!"

வாழ்க்கையில் ஒருவரிடம் அவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதைக் கேட்டு அவருக்கே கண் கலங்கியது.

இதற்கிடையில் ஹாலில் மாமனார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றரை. நாலு மணி மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம். நாக்கு ஊறியது. மாப்பிள்ளை நடையில் இருக்கிறார், மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். முள்ளை மட்டும் கொஞ்சம் தள்ளிவிட்டால்? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறி, கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

கடிகாரம் வந்தது. கூடவே திருகாணி வந்தது. பிசின் வந்தது. கடைசியாகத் தண்ணீர் வந்தது.

"மாப்பிள்ளை! கடிகாரம் துப்புது!"

சும்மா சார் ஓடி வந்தார். மாமனார் நாற்காலி மேல் கடிகாரத்தைக் கேடயம் போலப் பிடித்து நின்றார். தண்ணீர் அதில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறியது. சும்மா சார் பாய்ந்து, ஆள்காட்டி விரலை ஓட்டைக்குள் விட்டு அடைத்தார். தண்ணீர் நின்றது. ஆனால் கையை எடுக்க முடியாது. வீடே அவரைப் பார்த்தது.

"ஏங்க, அது என்ன ஓட்டை?" என்றாள் மனைவி, ரொம்ப அமைதியாக.

மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. துடைக்கவும் வழியில்லை.

"நான்தான்," என்றார். "நான்தான் போட்டேன். குழாயைத் துளைச்சுட்டேன். பிசினை அடைச்சேன். வெயில்னு சொன்னேன், மாத்திரைன்னு சொன்னேன், பெட்ரோல்னு சொன்னேன். எலக்ட்ரீஷியன் பாக்கணும்னுதான் சொன்னார். நான்தான் செங்கல் ஓடும்னேன். நான்தான் இளிச்சவாயன். போதுமா?"

மாமனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நாற்காலி ஆடியது. அவரைப் பிடிக்கப் போன மனைவிக்கும் சிரிப்பு வந்து, சுவரில் சாய்ந்து, ஈரத்தில் வழுக்கி, கணவரின் தோளையே பிடித்துக்கொண்டாள். ஓட்டைக்குள் விரலோடு அவரும் சிரித்தார். ஆறு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது.

பிளம்பரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால், அழுக்குத் துணிக்கூடையை நகர்த்தி, அதற்கும் பின்னால் கையை விட்டு எதையோ திருகினார்.

"விரலை எடுங்க, சார். மூடியாச்சு."

விரலை எடுத்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஊறிச் சுருங்கிப் போயிருந்த விரலைப் பார்த்தபடி நின்றவர், மெல்ல நிமிர்ந்தார்.

"அந்தக் கூடைக்குப் பின்னாடி வால்வு இருக்கறது பன்னிரண்டு வருசமா இங்க குடியிருக்கற எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிளம்பரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அதை முக்கால்வாசி மூடிட்டுப் போனதே நான்தானே, சார். திங்கக்கிழமை நீங்க வேலைக்குப் போனதுமே அக்கா காசு குடுத்து, சுவருக்குள்ள வரைக்கும் பாக்கச் சொல்லிட்டாங்க. இன்னிக்குச் சும்மாதான் வந்தேன், உங்களைப் பாக்க."