கரடியின் ஊசி, நரியின் மிட்டாய்

ஒரு காட்டில், அதுவும் காய்ச்சலுக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் குறைவே இல்லாத ஒரு காட்டில், தங்கபுஷ்பம் என்ற கரடி நர்ஸாக இருந்தது. மாதம் ஒருமுறை ஆலமரத்தடியில் தடுப்பூசி முகாம். டோக்கன் வாங்கி வரிசையில் வந்தால் கரடி ஊசி போடும். வெளியே போகும் வழியில் குணசீலன் என்ற நரி ஆளுக்கொரு தேன்மிட்டாய் கொடுக்கும். அந்த மிட்டாயைச் செய்ததும் கரடிதான். எடுத்து நீட்டுவதைத் தவிர நரிக்கு வேறு வேலை கிடையாது.

இரண்டே வருடத்தில் காட்டை விட்டுக் காய்ச்சல் போனது. கூடவே கரடியின் நல்ல பெயரும் போனது. அது குளத்துப் பக்கம் வந்தால் மான் தொடையைப் பொத்திக்கொண்டு ஓடும். அதன் நீலப் பையைப் பார்த்தே முயல்குட்டிகள் அழும். நரியைக் கண்டாலோ கோழிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கோழிக்கு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

கடைசியில், முக்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி குரங்கிடம் எல்லோருமாக ஒரு மனு கொடுத்தார்கள். கரடியைப் பாலைவனத்துக்கு மாற்ற வேண்டுமாம்.

"காரணம்னு போட்ட இடம் காலியா இருக்கே?" என்றது குரங்கு.

"என்னன்னு தெரியலைங்கய்யா. பார்த்தாலே பிடிக்கலை" என்றது முயல்.

"அது போதும்." குரங்கு முத்திரை குத்தியது. மூன்று மாதத்தில் கரடி கிளம்பியாக வேண்டும்.

பாலைவனத்தில் தேன்கூட்டுக்கு எங்கே போவது? கரடி அன்று முழுக்க அழுதது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நரியிடம் போனது.

"தம்பி, என் சுழல்நாற்காலியில நீ உக்காந்துக்கோ. பஞ்சால துடைச்சா போதும். திரைக்குப் பின்னாடி நின்னு நான் குத்திக்கறேன்."

"உக்காந்து செய்யுற வேலையா? சரிக்கா!"

மூன்று முகாமும் அப்படியே நடந்தன. நரி துடைக்கும். திரை இடுக்கிலிருந்து கரடியின் கை வந்து குத்தும். உடனே கரடி பின்பக்கமாக மூச்சிரைக்க ஓடிவந்து, வெளியே போகும் வழியில் சிரித்தபடி மிட்டாய் கொடுக்கும்.

மூன்றாம் மாதக் கடைசியில் புது மனு வந்தது. கரடி இருக்கட்டும், நரியை மாற்றுங்கள்.

"குத்தினது கரடிதானேய்யா?" என்று கேட்டது குரங்கு.

"கை கரடியோடதுதாங்க. எங்க கண்ணாலயே பார்த்தோம். ஆனா அந்த நரி மூஞ்சியைக் கண்டாலே தொடை வலிக்குதே!"

குரங்கு பழைய உத்தரவில் கரடி என்பதை அடித்துவிட்டு நரி என்று எழுதியது. ஊசியைத் தொட்டே பார்க்காத நரி பாலைவனத்துக்கு பஸ் ஏறியது. வழியனுப்ப ஒரு கோழிகூட வரவில்லை.

மறுநாள் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது: "பஞ்சால் துடைக்க ஆள் தேவை. படிப்பு, அனுபவம் வேண்டாம். முகம் இருந்தால் போதும். சுழல்நாற்காலி உண்டு."

முதல் விண்ணப்பம் போட்டது, முக்காலியில் உட்கார்ந்து இடுப்பு நொந்துபோன அதிகாரி குரங்கு.

நீதி: ஊருக்கு நல்லது செய்யுங்கள், செய்யும்போது முன்னால் வேறு யாரையாவது உட்கார வையுங்கள்.