கிணற்று வீட்டுத் தண்ணி மோட்டர்

ஓர்ஸ் ஹில்லில் சோமசேகரம் வீட்டு அறையொன்றில் மூன்று பழைய கொம்பியூட்டர்கள் இரவு பகலாக ஓடின. துறைமுகத்தில் கழித்துப் போட்டவற்றை மகன் வாங்கித் திருத்தி வைத்திருந்தான். படங்கள் வைக்க, பாட்டுக் கேட்க, கடிதம் அனுப்ப என்று ஆறு சேவைகள் அவற்றில் ஓடின. சண்டை மூண்ட இரண்டாயிரத்து ஆறில் சாம்பல்தீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கேட்காத இடமில்லை.

அவன் ஓடவிட்டதில் ஒன்றும் நிற்கக்கூடாது என்று சோமசேகரம் சபதம் எடுத்தார். எந்தச் சேவை, எந்தப் பெட்டி, பாஸ்வேர்ட் என்ன, நின்றால் எப்படி எழுப்புவது, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, காலையும் மாலையும் பார்த்துச் சரி போடுவார். மனைவி யோகமலர் தூசு தட்டவும் உள்ளே வரக்கூடாது. தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தார். அவள் நம்பிவிட்டாள் என்று அவர் நம்பினார்.

ஏழாவது சேவை அவரே சேர்த்தது. அவள் சோற்றைத் தொடாமல் எலும்பும் தோலுமாகிவிட்ட மாதம் அது. சனிக்கிழமை தோறும் அவர் எழுத, மகன் பெயரில் கடிதம் வரும். கப்பலில் வேலை, ஃபோன் எடுக்க ஏலாது, அம்மா நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. சோமசேகரம் வாசிப்பார், அவள் கேட்டுவிட்டு இரண்டு பிடி சாப்பிடுவாள். கொப்பியில் அதற்குக் கள்ளப் பெயர் 'தண்ணி மோட்டர்'. கிணற்றில் வாளியால் அள்ளுகிற வீட்டில் மோட்டருக்கு ஏது பாஸ்வேர்ட் என்று அந்தக் கெட்டிக்காரர் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று ஊரடங்கு. வேலைக்குப் போனவர் துறைமுகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். சனி முழுக்க அவரை அரித்தது ஒரே கவலை. இன்றைக்குக் கடிதம் போகாதே, அவள் சாப்பிட மாட்டாளே.

ஞாயிறு விடிய ஓட்டமும் நடையுமாக வந்தால், யோகமலர் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ளையின்ர கடிதம் வந்திருக்கு," என்றாள்.

அவர் எழுதவில்லையே. அப்படியென்றால்? செருப்போடு அறைக்குள் ஓடினார். அந்த ஒரு நிமிடம் அவர் மகன் உயிரோடு இருந்தான்.

'அப்பா, இருமல் எப்படி? மழைக்குள்ள சைக்கிள் ஓடாதேங்கோ.'

கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். பிறகு, பழக்கதோஷம், எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். தண்ணி மோட்டரில் இருந்து வந்திருந்தது. கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். கலியாணத்துக்கு முதல் யோகமலர் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்து வேலை பார்த்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அவள் கதவடியில் நின்றாள்.

"எவ்வளவு காலமா உமக்குத் தெரியும்?"

"முதல் கடிதத்திலயே தெரியும். நீங்கள் ஆசையா வாசிச்சீங்கள். கேட்டுக்கொண்டிருந்தனான்."

"பிறகு ஏன் நீரும் எழுதினீர்?"

"நீங்கள் எழுதின ஒரு கடிதத்திலயும் அவன் உங்களைச் சுகம் கேட்கேல்லையே."