கறை தெரியுதா, அத்தை?

திராட்சை ஜூஸ் டம்ளர் கவிழ்ந்ததும் மாப்பிள்ளை பதறவில்லை. பதறுவதெல்லாம் சகலையின் வேலை. படகுத்துறையில் நின்ற மாமனார் படகின் வெண்ணெய் நிறக் கார்பெட்டில் ஊதா பரவுவதை, ‘பரவட்டும், எவ்வளவு தூரம் போயிடும்’ என்கிற தோரணையில் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மாமனார் வருகிறார். படகு பளிச்சென்று இருந்தால் சாவி இவருக்கு. இல்லாவிட்டால் சகலைக்கு. சகலை அந்தச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு திரிவதை நினைத்தாலே இவருக்கு வயிறு எரிந்தது.

“என்ன சத்தம், மாப்பிள்ளை?” மேல்தட்டில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்.

“ஒண்ணுமில்லை அத்தை. நான் பார்த்துக்கறேன்.”

துணியால் அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கை அளவு இருந்தது தட்டு அளவு ஆனது. சோப்புத் தூளைக் கொட்டினார். நுரை பொங்கியது, அதுவும் ஊதாவாக. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தட்டு பாய் அளவு ஆனது.

“ம், வழிக்கு வந்துடுச்சு” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பெஞ்சுக்கடியில் கறை நீக்கும் மருந்து ஒரு பாட்டில் இருந்தது. ‘காயக் காய மறையும்’ என்று மேலே போட்டிருந்தது. உடனே கறை அதிகமிருந்த கார்பெட் துண்டை மட்டும் உரித்து மேலே தூக்கிப் போனார். முன்பக்கம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, கொடி கட்டி, அதில் தொங்கவிட்டு மருந்தை அடித்தார். பிறகு மிச்சத்தைக் கவனிக்கக் கீழே இறங்கினார்.

“அத்தை, கறை தெரியுதா?”

“நல்லாத் தெரியுதே.”

கொஞ்சம் பொறுத்து மறுபடி குரல் கொடுத்தார். “இப்போ?”

“மங்கலாத் தெரியுது.”

அட, மருந்து வேலை செய்கிறதே! உள்ளே மிச்சமிருந்த கார்பெட் முழுக்க அதையே அடித்தார். ஊதா பச்சையானது. ஆகட்டும், காய்ந்தால் மறையும்.

“இப்போ அத்தை?”

“கண்ணைச் சுருக்கிப் பார்த்தா ஒரு கோடு மாதிரி.”

சோபாவில் ரெண்டு சொட்டுத் தெறித்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து அதையும் குளிப்பாட்டினார்.

“இப்போ?”

“சுத்தமாத் தெரியலை, மாப்பிள்ளை.”

சகலை ஒழிந்தான். மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டு, சாவி வாங்கப்போகிற கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். கொடியில் கார்பெட் ஆடிக்கொண்டிருந்தது. கறை ஜம்மென்று அப்படியே இருந்தது.

“என்ன அத்தை, தெரியலைன்னீங்க? பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

மாமியார் புருவத்துக்கு மேல் கையை வைத்து, நாலா பக்கமும் விரிந்து கிடந்த தண்ணீரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“எங்க தெரியுது? நல்லாத் தெரிஞ்சப்போ உங்க மாமா சாவியும் கையுமா நின்னு கத்திக்கிட்டிருந்தார். மாப்பிள்ளை சத்தமே இல்லாம எவ்வளவு அழகா ஓட்டறார்னு நானும் கையாட்டினேன். ஆமா, நீங்க கேட்டது சின்ன ‘ர’ தானே?”