முட்டைக்கு ஒரு முழுக்கு

ஐம்பத்தேழு வயது வரைக்கும் முட்டை என்பது கோழியின் சொந்த விவகாரம் என்றே சக்ரபாணி நினைத்திருந்தார். அதில் மூக்கை நுழைக்க அவருக்கு எந்த உத்தேசமும் இருந்ததில்லை. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் பிறந்து, அதே வீதியில் வேட்டி கட்டப் பழகி, கமலவல்லியைக் கைப்பிடித்து அதே வீதிக்குக் கூட்டி வந்தவர். அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் வெங்காயமே வந்ததில்லை. முட்டையைப் பற்றிக் கேட்பானேன்!

அந்த வருஷம் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது சும்மா போகாமல் அவருடைய தோளையும் தொடையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் காலை, வீட்டுப் பெருமாளின் திருமஞ்சனத்துக்காகக் கிணற்றடியிலிருந்து செப்புக்குடத்தைத் தூக்கி வந்தவர் பாதி வழியில் கீழே போட்டார். குடம் நசுங்கியது. தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது. சக்ரபாணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் அழவும் செய்தார்.

குடம் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அப்பா ஒப்படைத்துவிட்டுப் போன சாளக்கிராமப் பெட்டி இருக்கிறதே, பூணூல் போட்ட வயதிலிருந்து அதற்குத் தினமும் திருவாராதனம் என்கிற பூஜையைச் செய்கிறவர் அவர். மற்றபடி திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பார்சல் ஆபீஸில் உட்கார்ந்து ரசீது கிழிக்கிறவர்தான். உலகத்தில் அவர் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு காரியம் உண்டென்றால், அது காலையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் நடக்கும் காரியம் மட்டுமே. அதுவும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் அவரைப் பெலிண்டா என்ற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். கமலவல்லியும் கூடவே போனாள்.

"சதை ரொம்பக் கரைஞ்சிருக்கு சார். புரோட்டீன் வேணும். முட்டை சாப்பிடுவீங்களா?" என்று பெலிண்டா கேட்டாள்.

"சாப்பிடமாட்டார்," என்றாள் கமலவல்லி. சக்ரபாணி வாயைத் திறந்திருந்தார். அதை அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

"அப்ப எடமாமே சாப்பிடுங்க."

"எந்த மாமி?" என்றார் சக்ரபாணி.

"மாமி இல்ல சார், எடமாமே. பச்சை சோயா பீன்ஸ். முத்துறதுக்கு முன்னாடியே பறிச்சிடுவாங்க. எடைக்கு எடை பாத்தா அவிச்ச முட்டையில இருக்கிற புரோட்டீன் கிட்டத்தட்ட இதுலயும் இருக்கு. நார்ச்சத்து, ஃபோலேட் எல்லாம் இதுல ஜாஸ்தி. முட்டையில நார்ச்சத்தே கிடையாது. ஆனா முட்டையில பி12 இருக்கு, வைட்டமின் டி இருக்கு. பீன்ஸ்ல அது வராது. அதுக்கு மாத்திரை எழுதித் தரேன்."

வீட்டுக்கு வந்ததும் விவாதம் தொடங்கியது.

"பாத்தியா கமலா, மாத்திரை சேத்தாத்தான் பீன்ஸ் முட்டைக்குச் சமம்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா."

"நார்ச்சத்தே இல்லேன்னும் சொன்னா. உங்களுக்கு ஏற்கெனவே காலம்பற ஒரு மணி நேரம் ஆறது."

"நான் முட்டை சாப்பிடறேன்னா சொன்னேன்? ஒரு ஒப்பீடு."

"ஒப்பீடெல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்கோங்கோ. ஆத்துல எடமாமே."

மறுநாளிலிருந்து எடமாமே வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பிடித்த பாக்கெட்டில் கிடைத்தது. சீமைக் காய் பெருமாளுக்கு ஆகாது என்பதால் கமலவல்லி அவருக்கான தளிகையைச் சமைத்து முடித்தபிறகு தனி அடுப்பில் தனிப் பாத்திரத்தில் வைத்தாள். எடமாமே சுண்டல். எடமாமே உசிலி. எடமாமே கூட்டு. ஒருநாள் தயிர்ப்பச்சடியைக் கலக்கினார்; அடியிலிருந்து அதுவே பச்சையாக எட்டிப் பார்த்தது. சக்ரபாணி மென்றுகொண்டே இருந்தார். தோள் மட்டும் பழைய தோளாக வரவில்லை. அவசரக்காரருக்கு எந்தப் புரதமும் சட்டென்று வேலை செய்வதில்லை என்பது அவருக்குப் புரியவில்லை.

பார்சல் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடை அப்துல் ரஹீமுடையது. பை, பெட்டி, குடை வியாபாரம். மாடியிலேயே வீடு. இருபது வருஷமாக இருவரும் மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் டப்பாவிலிருந்து சாப்பிடுகிறவர்கள். கதையைக் கேட்ட ரஹீம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வஹீதா ஒரு தட்டில் அவித்த முட்டையைப் பிளந்து, உப்பும் மிளகும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள்.

"மருந்துன்னு நினைச்சுக்கங்க சார்," என்றார் ரஹீம். "அல்லாஹ் உங்களுக்கு சிஃபா தரணும், உடம்பு குணமாகணும்."

சக்ரபாணி மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். இடி எதுவும் விழவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் பயந்ததற்கு இது இன்னும் கொஞ்சம் பயங்கரமாக இருந்திருக்கலாம். உப்பு போட்ட மேகம் மாதிரி இருந்தது. மறுநாள் தட்டு வந்தபோது வஹீதா, "மஞ்சளையும் சாப்பிடுங்கண்ணே, பி12 எல்லாம் அதுலதான் இருக்குதாம்," என்றாள். அதையும் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டார், சரி. அந்த உடம்போடு பெட்டி இருக்கும் வீட்டுக்குள் எப்படி நுழைவது? சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இறங்கியவர் யாரோடும் பேசாமல் நேரே கிணற்றடிக்குப் போய் தலையோடு தண்ணீரை விட்டுக்கொண்டார்.

"என்னன்னா, இந்த வேளைல ஸ்நானம்?"

"துக்கத்துக்குப் போயிட்டு வரேன். ஆபீஸ்ல ஸ்டீபன்ராஜ் இல்லை? அவனோட பெரியப்பா."

"த்சொ த்சொ," என்றாள் கமலவல்லி.

அடுத்த முட்டைக்கு மானேஜரின் மாமனார் போனார். அதற்கடுத்து லூர்துராணியின் சித்தப்பா. பிறகு மறதியில் மறுபடியும் ஸ்டீபன்ராஜின் பெரியப்பா.

"அவர் போன வாரமே போயிட்டாரே?"

"இது அடுத்த பெரியப்பா."

"உங்க ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தா குடும்பமே தாங்காது போலருக்கே," என்று சொல்லிவிட்டு அவள் உலர்ந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் தோளில் தெம்பு வந்துவிட்டது. புதுக்குடம் நிறையத் தண்ணீரோடு கூடத்தைத் தாண்டி நடந்தார். கமலவல்லி வீதி பூராவும் சொல்லிவிட்டாள்: எல்லாம் எடமாமேயின் மகிமை! எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வாங்க ஆரம்பித்தார்கள். உழைத்தது முட்டை, பேர் வாங்கியது பீன்ஸ். சக்ரபாணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் பெட்டிக்கு முன்னால் உட்காரும்போது வேறொரு எண்ணம் வந்து குடைந்தது. எந்தக் கைக்கு இதைத் தொட யோக்யதை இல்லையோ, அந்தக் கைதான் இதற்குத் தண்ணீர் சுமக்கிறது. சாப்பிடாமல் இருந்தால் சுத்தமாக இருந்திருப்பார். குடத்தைத் தூக்கியிருக்க முடியாது. சாப்பிட்டதால் தூக்குகிறார், தூக்கலாமா என்று தெரியவில்லை. இதைக் கேட்டுத் தெளிய உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடம்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் மறைத்த முதல் விஷயம் இது. முட்டையைவிட அதுதான் தொண்டையில் நின்றது.

கடைசியில் ஆபீஸில் ஆள் தீர்ந்துபோனது. ஒரு சாயங்காலம் ஈரத்தலையோடு நின்றவருக்கு யாரை அனுப்புவது என்றே தெரியவில்லை. வாயில் வந்த பேரைச் சொன்னார்.

"திருவெள்ளறை வரதன் போயிட்டார். நம்ம பங்காளி. விட்டுப்போன பங்காளிதானே, ஸ்நானத்தோட சரி."

கமலவல்லி துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். விரல்களை மடக்கினாள்.

"விட்டுப்போனவரா? உங்க கொள்ளுத்தாத்தாவும் அவரோட கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்தவா. ஏழு தலைமுறைக்குள்ள வந்துடறது. பத்து நாள் தீட்டு. பெட்டியைத் தொடாதீங்கோ."

சக்ரபாணிக்குத் தலையிலிருந்து வழிந்த தண்ணீர் திடீரென்று ஜில்லென்று ஆனது.

"அப்ப... திருவாராதனம்?"

"லக்ஷ்மிகாந்த் வருவான்."

லக்ஷ்மிகாந்த் கமலவல்லியின் தம்பி. திருவானைக்காவலில் இருக்கிறான். வேறு கோத்திரம், தீட்டு கிடையாது. மறுநாள் விடியற்காலையிலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். மணியை பஸ் கண்டக்டர் மாதிரி அடித்தான். பாசுரத்தில் இரண்டு வரியை விழுங்கினான். சக்ரபாணி எட்ட இருந்த சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடம், அவர் பெட்டி, அவர் பெருமாள். எழுந்து போய் ஒரு துளசியைக்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. குடம் நசுங்கிய அன்றைக்கு எதற்குப் பயந்தாரோ அது இப்போது நடந்துகொண்டிருந்தது. அதுவும் தெம்பான தோளோடு.

இரண்டாம் நாள் காலை, லக்ஷ்மிகாந்த் ஆராதனத்துக்கு முன்னால் குளிக்கப் போயிருந்தபோது சக்ரபாணி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"கமலா. வரதன் சாகலை."

"தெரியும். முந்தாநாள் கத்திரிக்காய் வாங்கிண்டிருந்தார். எங்கிட்டப் பேசினார்."

"ஸ்டீபன்ராஜோட பெரியப்பாவும்..."

"ரெண்டு பேருமே சௌக்கியமா இருப்பா."

"நான் முட்டை சாப்பிட்டேன்."

"வஹீதா முதல் நாளே போன் பண்ணிட்டா. 'உங்களுக்குத் தெரியாம குடுக்க மனசு வரலைங்கக்கா, மஞ்சளை வேற ஒதுக்கிடறார்'னா. மஞ்சளையும் சேத்தே குடுங்கோன்னு நான்தான் சொன்னேன்."

சக்ரபாணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கமலவல்லி அடுப்பை அணைத்தாள். குரல் தாழ்ந்தது.

"அன்னிக்குத் தூணைப் பிடிச்சுண்டு அழுதேளே, நான் பார்த்தேன். அதனால வஹீதா போன் வந்ததும் பெருமாள்ட்ட சொல்லிட்டேன். இவர் எதைத் தின்னாலும் பாவம் எனக்கு, எனக்கு இவர் எழுந்து நடமாடினாப் போறும்னு. முட்டை மருந்து. அதை எங்கிட்ட மறைச்சேளே, அதுக்குத்தான் இந்தத் தீட்டு. இல்லாத சாவுக்கு எத்தனை நாள்தான் வேட்டி எடுத்துக் குடுக்கறது?"

அவருக்கு மறுபடியும் அழுகை வரும்போல் இருந்தது. அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"சக்ரபாணி! இருக்கியாப்பா?"

நின்றது திருவெள்ளறை வரதன். தலை ஈரம் சொட்டியது. முகத்தில் முழுத் துக்கம். லக்ஷ்மிகாந்த் முறைப்படி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, பங்காளித் தீட்டு என்று சொல்லியிருக்கிறான். போனவர் பேரை அக்கா அவனிடம் சொல்லவில்லை.

"சேதி கேட்டதும் தலைக்கு ஊத்திண்டு ஓடி வரேன்," என்றார் வரதன். "நம்மள்ல போனது யாரு?"

லக்ஷ்மிகாந்தும் ஈரத் துண்டோடு வந்து நின்றான். சக்ரபாணி வாயைத் திறந்தார். சாகடிக்க ஆள் இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"யாரும் போகலை, உட்காருங்கோ," என்றாள் கமலவல்லி நிதானமாக. "பேர்க் குழப்பம். எங்கயோ எவரோ வரதனாம். அதனால தீட்டும் கிடையாது. லக்ஷ்மிகாந்த், நீ ஆபீஸ் கிளம்பு. இனிமே அத்திம்பேரே பண்ணிப்பார்."

சக்ரபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டி அவருக்கே! அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

"இவர்தான் போக இருந்தார், தப்பிச்சார்," என்று தொடர்ந்தாள் அவள், ஒரு கிண்ணத்தை வரதன் முன்னால் வைத்தபடி. "எல்லாம் இந்த எடமாமே சுண்டலாலதான். ஏன்னா, நீங்களே சொல்லுங்கோளேன்."

அவள் பார்வை அவர்மேல் நிலைத்தது. சக்ரபாணி தன் முட்டையை மனசுக்குள் வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நன்றி மிகுதியில் குரல் கணீரென்று வந்தது.

"ஆமாம் ஓய்! புரோட்டீன்னா இதுதான் புரோட்டீன். முட்டையெல்லாம் இதுகிட்ட வரமுடியாது. மஞ்சள் கரு ரெண்டாவது வாய்லயே நாக்குல ஒட்டிக்கும். இது பாருங்கோ, எத்தனை சாப்பிட்டாலும் ஒட்டாது."

கமலவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். வரதன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். லக்ஷ்மிகாந்த் துண்டை உதறி மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்:

"ஒட்டிக்குமா அத்திம்பேர்?"