பரீட்சகர் சாப்பிட்ட ஒன்றரை றோல்

காலை எட்டரை மணி, முப்பது மட்டன் றோல்ஸ், வதனி. இந்த நிலையில்தான் அன்று காரை எடுத்தேன்.

வதனி என் மனைவி. அவளை விபோர்க் நகரில் பெரியவர்கள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும். றோல்ஸை என் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று எனக்குப் பிறந்தநாள். டெனிஷ்காரரின் இந்த நாட்டில் பிறந்தநாள்காரன்தான் மற்றவர்களுக்குத் தின்னக் கொடுப்பது.

இரண்டும் தனித்தனி வேலை. நான்தான் ஒன்றாகக் கலந்தேன்.

வதனிக்கு அன்று ஆங்கிலத்தில் வாய்மொழிப் பரீட்சை. முதியோர் இல்லத்தில் பல வருடமாக உதவியாளராக இருப்பவள் தாதியாக ஆசைப்பட்டாள். தாதியர் கல்லூரி கேட்ட மற்ற எல்லாம் கையில் இருந்தது. ஆங்கிலம் மட்டும் போன தடவை தவறிவிட்டது. இந்த முறையும் தவறினால் அந்த வருடம் சேர முடியாது.

தவறியதற்குக் காரணம் ஒருமை பன்மை.

அவளைக் குறை சொல்ல முடியாது. டெனிஷ் மொழியில் ராசாவுக்கும் ராசாவின் நாய்களுக்கும் ஒரே வினைச்சொல். ஒருவர் வந்தாலும் ஊரே வந்தாலும் அது அசையாது. நம் பேச்சிலோ "பெட்டியள் வந்தது" என்று சொன்னதற்காக இதுவரை யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. இந்த இரண்டு மொழியிலும் நிம்மதியாக வாழ்ந்த மனுஷி ஆங்கிலத்துக்குப் போனால், அங்கே ஒற்றைக் கத்தரிக்கோல் பன்மையாம். வீடு நிறையக் கிடக்கிற தளபாடம் ஒருமையாம். எத்தனை செய்தி வந்தாலும் நியூஸ் ஒருமை. ஒரு கூட்டமாக நிற்கிற போலீஸ் மட்டும் எப்படியோ பன்மை.

நான் முன்பு கொழும்பில் ஓர் ஆங்கில நாளிதழில் மற்றவர்களின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன். ஆகவே வதனிக்குக் கற்பிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினேன். கத்தரிக்கோலில் பன்மை. மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பன்மை. சோபாவில், மேசையில், கதிரையில் ஒருமை.

"இஞ்சேருங்கோ, கதிரையில ஒட்டினதைக் கழட்டுங்கோ," என்றாள் வதனி. "நேற்று முழுக்க அதைப் பின்னால ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்திட்டன்."

"அதிலை என்ன? நீர் ஒருமைதானே."

அன்று இரவு நானே சமைத்தேன்.

ஆனால் இரண்டு மாதத்தில் அவள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். காய்கறி நறுக்கும்போதும் வாய் முணுமுணுக்கும். போலீஸ் ஆர், நியூஸ் இஸ், சிஸர்ஸ் ஆர், ஃபர்னிச்சர் இஸ். கடைசியில் அவள் என்னைத் திருத்தத் தொடங்கினாள். நான் பாடத்தை நிறுத்திக்கொண்டேன்.

பரீட்சை நாளுக்கு வருகிறேன். வதனி பேசவேண்டிய தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். தயார்செய்ய ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனார்கள். நான் அப்போதே வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

நடைபாதையில் மற்றவர்களின் குடும்பங்கள் காகிதக் கொடியும் ரோசாப்பூவுமாக நின்றன. பரீட்சை முடிந்து வெளியே வருகிறவர்களுக்குக் கொடி ஆட்டுவது இங்கே வழக்கம். சுவரோரம் உட்காரப் போட்ட வாங்கில் மட்டும் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் தாள்கட்டு. உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடி பிடிக்க ஒருத்தரும் வரவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். டெனிஷில் நடந்த பேச்சை என் தமிழில் தருகிறேன்.

"சோதனையோ?" என்று கேட்டேன்.

"ஓம். இண்டைக்கு ஒன்பது பேர்."

"ஒன்பது பேரும் பாஸ் பண்ணலாம். யோசிக்காதைங்கோ."

அவர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "அப்பிடி நடந்தால் சந்தோசம்," என்றார். "ஓகூஸ் பட்டினத்திலயிருந்து விடிய வெளிக்கிட்டனான். இங்க கோப்பி மெசினும் வேலை செய்யேல்லை."

சாப்பிடாமல் பரீட்சைக்கு வந்திருக்கிறார். நான் பெட்டியைத் திறந்தேன்.

"வேண்டாம், நன்றி," என்றார்.

நம் ஆட்களிடத்தில் முதல் வேண்டாம் மரியாதை. இரண்டாவது வேண்டாம் பசி. மூன்றாவது வேண்டாமுக்குத்தான் கொஞ்சமாவது பெறுமதி. டெனிஷ்காரருக்கு முதலாவதே கடைசி. இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் கைக்கு அது இன்னும் பழகவில்லை. பெட்டியை அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"உண்மையா வேண்டாம்."

"ஒண்டு."

"நான் வேலைக்கு…"

"சும்மா ஒண்டு. இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள்."

பிறந்தநாள் என்றதும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. வாழ்த்துச் சொல்லி ஒன்றை எடுத்தார். ஒரு கடி கடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. முதலாவது முடிந்தது. இரண்டாவதை நான் கேட்காமலே எடுத்தார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா, மூளைக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்று நினைத்தேன்.

"ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. நியூஸ் எண்டு வந்தால் எப்பவும் ஒருமை. யோசிக்கவே வேண்டாம். போலீஸ் பன்மை."

"அப்பிடியோ?"

"ஓம். டெனிஷ் ஆக்கள் வழக்கமா விழுகிற குழி. ஞாபகத்தில வைச்சிருங்கோ."

"வைச்சிருக்கிறன்," என்றார். மிகவும் பணிவாகச் சொன்னார்.

"என்ரை மனுசிக்குப் போன முறை அதிலதான் அடி விழுந்தது. ரெண்டு மாசம் படிச்சவ. ஆனாலும் நெருக்கிக் கேட்டால் என்ன நடக்குமெண்டு சொல்லேலாது. அந்தப் பக்கம் போகாமல் விட்டால் தப்பிடுவா."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"உங்கட மனுசியின்ரை பேர் என்ன?"

"வதனி."

கையில் இருந்த அரை றோலை அவர் கடுதாசித் துடைப்பானில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவு திறந்தது. வதனியின் ஆங்கில ஆசிரியர் தலையை நீட்டி அவரைப் பார்த்தார். "பிர்கிட்டே, எல்லாம் தயார். முதல் ஆள் வதனி."

வெளியிடத்திலிருந்து மதிப்பெண் போட வருகிற பரீட்சகரை டெனிஷில் சென்சோர் என்பார்கள். இலங்கையில் பத்திரிகையில் வேலைசெய்த எவனுக்கும் அந்தச் சொல்லைக் கேட்டாலே கை எழுதியதை ஒளிக்கப் பார்க்கும். ஆனால் அங்கேகூட நான் சென்சருக்குத் தீனி கொடுத்து, வெட்டவேண்டிய இடத்தையும் காட்டிக்கொடுத்ததில்லை.

பிர்கிட்டே எழுந்தார். அரை றோலைச் சுற்றி என் கையில் திருப்பித் தந்தார்.

"இது இனி என்னட்டை இருக்கக்கூடாது," என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் வதனி தயார் அறையிலிருந்து வெளியே வந்தாள். பரீட்சை அறைக்குப் போகும் வழியில் என்னைக் கண்டு நின்றாள்.

"நீங்கள் இன்னும் போகேல்லையோ?"

"போறன், போறன்."

"ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நீர் போம். நல்லாச் செய்யும்."

"கையில என்ன அது?"

"குப்பை."

உள்ளே போனாள். நான் அரை றோலோடு நின்றேன். வேலைத்தலத்திலிருந்து தொலைபேசி அழைத்தது. எடுக்கவில்லை. பக்கத்துக் குடும்பத்துக் கிழவர் என் நிலையைப் பார்த்துத் தன் கொடிகளில் ஒன்றைத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

அரை மணி நேரத்துக்கும் மேலே சென்றுதான் வதனி வெளியே வந்தாள். இனி உள்ளே இரண்டுபேரும் பேசி மதிப்பெண் முடிவுசெய்து மறுபடி கூப்பிடுவார்கள். அதுவரை நடைபாதையில் நிற்க வேண்டும். நான் கொடியை ஆட்டினேன்.

"அதைக் கீழ போடுங்கோ," என்றாள். "அந்த மனுசியிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"றோல் குடுத்தனான்."

"அது தெரியும். அவ முதல் வசனமே அதுதான் சொன்னவ. வேற?"

"நியூஸ், போலீஸ் கொஞ்சம்…"

"ஒருமை பன்மைக் கேள்வியெல்லாத்தையும் எடுத்துத் தள்ளி வைச்சிட்டினம். ரெண்டு பேரும் குசுகுசுத்துத்தான் முடிவெடுத்தவை. உம்முடைய பலவீனம் எனக்கு வெளியால தெரிஞ்சுபோச்சு, அதை வைச்சுக் கேட்டால் உமக்கு அநியாயம் எண்டு அவ சொல்லுறா."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது? ரெண்டு மாசமா நான் அதை மட்டும்தானே படிச்சனான்!"

நான் கொடியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"பிறகு என்ன கேட்டவை?"

"வேலையிடத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லிச்சினம்."

"கதைச்சனீரோ?"

"கதைச்சனான். விடுவனோ? படிச்சதெல்லாத்தையும் முதியோர் இல்லத்துக்குள்ள இறக்கினனான். எங்கட இல்லத்தில தளபாடம் பழசு. கத்தரிக்கோல் மேசை லாச்சிக்குள்ள இருக்கு. செய்தி நல்லாயில்லை. போலீஸ் வந்து நிக்கினம்."

"போலீஸ் ஏன் வந்தவை?"

"சென்சோரும் அதைத்தான் கேட்டவ. கத்தரிக்கோலைத் தேடி வந்தவை எண்டனான்."

கதவு திறந்தது. வதனியைக் கூப்பிட்டார்கள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. நானும் கேட்கட்டும், ஆனால் உள்ளே வரவேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏழு," என்றார் பிர்கிட்டே. இந்த ஊர்க் கணக்கில் ஏழு என்றால் நன்று. "வினைச்சொல் ஒண்டும் பிழைக்கேல்லை. ஆனால் அந்த இல்லத்தில வயசுபோன ஆக்களும் இருக்கினமோ எண்டு கடைசிவரைக்கும் எனக்கு விளங்கேல்லை."

வதனி ஆசிரியரின் கையைக் குலுக்கினாள். பிர்கிட்டேயின் கையைக் குலுக்கினாள். அப்படியே நடந்து என்னைத் தாண்டிக் காருக்குப் போனாள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் மடியில் பெட்டியைத் திறந்து ஒரு றோலை எடுத்துக் கடித்தாள். "உறைப்புக் கூடிப்போச்சு," என்றாள். என் வேலைத்தலம் வரும்வரை நான் ஓட்டினேன். என்னையும் பெட்டியையும் அங்கே இறக்கிவிட்டுக் காரை அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை வதனி தாதியர் கல்லூரியில் சேர்ந்தாள். பஸ்ஸில் போனாள்.