உத்தனப்பள்ளிச் சாலையில் நடந்த மாம்பழச்சாற்றுப் பெரும்போர்

வாழ்க உஸ்மான்! ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஓட்டவேந்தன், சி.என்.சி. பிரிவின் சிங்கம், இரும்புத்தூள் படிந்த நீலச்சட்டைக்குள் நெஞ்சுரம் பூண்ட நெடுந்தூர வீரன், சோற்றைத் துறந்த தூயோன், இட்லியை இகழ்ந்த ஏந்தல், பரோட்டாக் கல்லின் ஓசை கேட்டும் பக்கம் திரும்பாத பண்பாளன் வாழ்க, வாழ்க! இவன் புகழ் பாடப் புகுமுன் காப்புச் சொல்வது மரபு. ஆகவே கல்லீரலைத் தொழுவோம். வலப்பக்க விலாவின் கீழே வாய் திறவாது உழைக்கும் கல்லீரலே, மாவும் சர்க்கரையும் வரும் வழி அடைபட்ட காலத்திலும் மனம் தளராது, கொழுப்பைக் காய்ச்சிக் கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளை வடித்துத் தரும் வள்ளலே, மூன்று ஷிப்டும் ஓடும் முதலாளி இல்லாத கம்பெனியே, உன்னை வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். இதில் உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

உஸ்மான் வேலை பார்க்கும், பிரேக் டிரம் வார்க்கும் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவன்று உத்தனப்பள்ளியில் தொடங்கி, ராயக்கோட்டைச் சாலை வழியே ஓசூர் ஆலை வாயில் வரை ஓடி வர வேண்டும். ஆண் பெண் என்று பிரிவில்லை, முதலில் வருபவர் யாரோ அவருக்கே சுழற்கோப்பை. அக்கோப்பை ஓராண்டு காலம் வென்றவர் வீட்டில் விருந்தாளியாக வாழும், பிறகு ஆலைக்குத் திரும்பும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்கோ அது நிரந்தரச் சொத்து. பிரஷர் குக்கர் உயரம், இருபுறம் யானைக்காது போன்ற கைப்பிடி, பூச்சு உரிந்து பித்தளை பல்லிளிக்கும் அந்தக் கோப்பை இரண்டு முறை உஸ்மானிடம் வந்துவிட்டது. அவன் மனைவி நபீலா டி.வி.யையே தள்ளி வைத்து அதற்கு இடம் கொடுத்திருந்தாள். மூன்றாம் வெற்றிக்காக அவன் உயிரையும் கொடுப்பான் என்றால் அது மிகை. சோற்றைக் கொடுத்தான்.

அந்தத் துறவுக்கு அவனைத் தூண்டியது ‘அரிசியற்ற அரிமாக்கள்’ என்னும் வாட்ஸப் குழு. “உடம்பில் இருக்கிற மாவுச்சத்து ஒரு ஓட்டத்துக்கே பற்றாது, ஆனால் கொழுப்போ பத்து ஓட்டத்துக்குக் கிடக்கிறது, அதைத் தட்டி எழுப்புங்கள்” என்று அக்குழுவின் தலைவர் அதிகாலைதோறும் குரல் செய்தியில் முழங்கினார். கேட்ட உஸ்மான் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அங்கே கஜானா நிறைந்திருந்தது. மறுநாள் மதியம், கேன்டீனில் சாம்பார் வாளிகள் நடுங்க, ஸ்டூல் மேல் ஏறி நின்று பிரகடனம் செய்தான்: “ஆண்டு விழா முடியும் வரை சோறும் களியும் சர்க்கரையும் பழமும் என் நாவைத் தீண்டா! கொழுப்பால் ஓடுவேன், கோப்பையைக் கொள்வேன், இது உறுதி!” அரங்கம் கைதட்டியது. தர ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த மாதேஸ்வரி மட்டும் தட்டவில்லை, அவள் கை இரண்டிலும் களி இருந்தது.

“ஏண்ணா, அந்த ஸ்டூலு ஒரு காலு ஆடுது, பாத்து எறங்குங்க,” என்றாள் அவள்.

சிங்காரப்பேட்டையில் பிறந்து, அங்கிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த இந்த மாதேஸ்வரிதான் போன ஆண்டு உஸ்மானுக்கு அடுத்தபடி வந்தவள். தினமும் விடியலில் உருண்டை உருண்டையாகக் களியும் கீரைக் கடைசலும் விழுங்கிவிட்டு ஓடுவாள். ஓடும்போதே பக்கத்தில் வருபவரோடு கதையும் பேசுவாள். அதுதான் உஸ்மானுக்குத் தாங்காது.

துறவின் முதல் வாரத்தில் நாயகன் பட்ட பாட்டைச் சொல்ல நா கூசுகிறது. தலை இடித்தது, கால் இழுத்தது, வாயில் ஆணி நனைத்த தண்ணீரின் வாடை அடித்தது, நெய் ஊற்றிய காபியோ தொண்டையோடு வழக்காடியது. கடைசல் வேலை செய்யும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நின்றவன் ரொட்டி போல் வட்டமாக வந்த ஒரு டிரம்மை நெடுநேரம் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். “என்னாங்க, மூஞ்செல்லாம் இப்டி வத்திப் போச்சே,” என்று நபீலா கண் கலங்கினாள். ஆனால் மூன்றாம் வாரத்தில் புயல் ஓய்ந்தது, பசி அடங்கியது, பேன்ட் தளர்ந்தது. நிதானமாக ஓடினால் எவ்வளவு தூரமும் ஓட முடிந்தது. அப்போது அவனுக்குக் கர்வம் வந்தது.

அந்தக் கர்வம் கிருஷ்ணகிரிக் கல்யாண மண்டபம் ஒன்றில் கறிப்போராக வெடித்தது. மணமகள் வீட்டார் கீழக்கரைக்காரர்கள். தங்கள் ஊர் வழக்கப்படி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும்படி சகன் என்னும் ஒரே பெரிய தட்டை வைத்தார்கள். குன்றெனக் குவிந்த பிரியாணி, அதன் கொடுமுடியில் கொழுத்த ஆட்டுக்கறி, சுற்றிலும் உஸ்மான், அவன் மாமனார் கௌஸ் மொய்தீன், மாமனாரின் தம்பிமார் இருவர். நெய் வழியும் பருக்கைகளைத் தொடாமல், நெறி பிறழாமல், நல்லி, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு என்று தேடித் தேடி வேட்டையாடியது உஸ்மானின் வலக்கை. மற்ற மூவரும் முதல் கவளத்தை உருட்டி முடிப்பதற்குள் குன்று மொட்டையாகிவிட்டது. முதியவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“மாப்ளே,” என்றார் கௌஸ் மொய்தீன், மரியாதை குறையாமல். “சோத்துக்கு நாங்க மூணு பேரு, கறிக்கு நீங்க ஒருத்தரு. இது எந்த ஊரு பங்குங்க?”

அன்றிலிருந்து அவனை யாரும் விருந்துக்கு அழைக்கவில்லை. அவன் அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

ஆயினும் அஞ்சாத அவ்வீரனுக்கும் ஓர் அச்சம் இருந்தது. ஆண்டு விழா வருவது மாம்பழக் காலத்தில். வேப்பனப்பள்ளித் தோட்டத்துப் பழத்தைப் பிழிந்து, ஐஸ் போட்டு, ஓடி வருபவர்களுக்கு வழியில் கொடுப்பது ஆலையின் இன்னொரு வழக்கம். ஓட்டத்தின் கடைசிக் கண்டமான மேம்பாலத்தின் அடிவாரத்தில் மேசை போட்டு நிற்கப் போகிறவனோ அவனுடைய உயிர் நண்பன், கேன்டீன் ஆமிர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், சொன்ன சொல் தவறாதவன், கொஞ்சம் யோசித்தால் நல்லது என்ற இடத்திலும் சொன்ன சொல் தவறாதவன். அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான் உஸ்மான்: “நான் கெஞ்சினாலும் குடுக்காத. கால்ல வுழுந்தாலும் குடுக்காத. மாத்திச் சொன்னா நம்பாத. அது நான் இல்ல, என் பலவீனம் பேசுதுன்னு நெனச்சுக்க.” ஆமிர் கண்ணீர் மல்கத் தலையசைத்தான்.

புலர்ந்தது போர்நாள்! உத்தனப்பள்ளியில் விசில் ஊதியதும் நீலச்சட்டைகளின் வெள்ளம் உடைந்து பாய்ந்தது. தக்காளித் தோட்டங்கள் வாழ்த்தின, பாலிதீன் குடிலுக்குள் ரோஜாக்கள் எட்டிப் பார்த்தன, பால் கேன் ஏற்றிய டி.வி.எஸ். வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன, “பேக ஓடு குரு!” என்று கன்னடத்திலும், “பரிகெத்தண்ணா!” என்று தெலுங்கிலும், “வுடாத, வுடாத!” என்று தமிழிலும் சாலையோரம் ஆர்ப்பரித்தது. உஸ்மான் முன்னே ஓடினான். மூச்சு சீராக இருந்தது, பசி என்ற பேச்சே இல்லை. கொழுப்பு என்னும் கஜானா மெல்லத் திறந்து அவனை ஓட்டிக்கொண்டே இருந்தது. பாதித் தூரத்துக்கு மேல் கடந்தும் அவனை நெருங்க ஆளில்லை. மாதேஸ்வரியின் பேச்சுச் சத்தம் மட்டும் எங்கோ பின்னால், யாரோ ஒருவருடைய தங்கை கல்யாணத்தைப் பற்றிக் கேட்டது.

மேம்பாலம் கண்ணில் பட்டது. அதைக் கண்டதும் கடைசி வேகம் எடுக்கும்படி கால்களுக்கு ஆணையிட்டான் உஸ்மான். கால்கள் கேட்கவில்லை. மறுபடி ஆணையிட்டான், அதட்டினான், கெஞ்சினான். அவை பழைய நிதானத்திலேயே நடையும் ஓட்டமுமாக நகர்ந்தன. ஐயகோ, அரிமாக் குழுத் தலைவர் சொல்லாமல் விட்டது இதுதான்! கொழுப்பு என்பது கூரை முட்டச் சரக்கு நிறைந்த கிடங்கு; ஆனால் வாசலோ ஒற்றை ஆள் நுழையும் வாசல். நிதானமாக வாங்கினால் நாள் முழுக்கக் கொடுக்கும், அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்காது; அதை எரிக்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். மேடேறவும் பாயவும் உதவும் மாவுச்சத்தையோ நாயகன் மாதக்கணக்கில் வீட்டுக்குள் விடவே இல்லை. நெஞ்சு விம்மியது, கண் இருண்டது. அடிவாரத்தில், பொன்னை உருக்கியது போல, மாம்பழச்சாறு தெரிந்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ஆமிர், ஒரே ஒரு டம்ளர்டா.”

“மாட்டேன் பாய்,” என்றான் ஆமிர், உதடு துடிக்க. “கெஞ்சினா குடுக்காதன்னு சொன்னீங்க.”

“நான்தான்டா சொன்னேன், இப்ப நான்தான்டா மாத்திச் சொல்றேன்!”

“மாத்திச் சொன்னா நம்பாதன்னும் சொன்னீங்க பாய். இது நீங்க இல்ல.”

மூண்டது போர்! உஸ்மான் ஒரு டம்ளரை எட்டிப் பிடிக்க, ஆமிர் அதை மீட்க, பிளாஸ்டிக் கிழிய, பொன்னாறு தார்ச்சாலையில் ஓட, ஈக்களின் பெரும்படை இரு தரப்புக்கும் பொதுவாக வந்து இறங்கியது. உஸ்மான் ஜக்கின் மேல் பாய்ந்தான். ஆமிர் அதைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கிய கையைப் பற்றித் தொங்கினான் சி.என்.சி. சிங்கம். மேசை ஒருபுறம் சாய்ந்தது, ஐஸ் கட்டிகள் சிதறி உருண்டன. கடைசியில், ஓசூர் பார்க்கவே, உஸ்மான் மண்டியிட்டு நண்பனின் காலைப் பிடித்தான். ஆமிர் வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே, “கால்ல வுழுந்தாலும் குடுக்காதன்னு சொன்னீங்களே பாய்!” என்று ஜக்கை இன்னும் உயர்த்தினான். இத்தனை உண்மையான நண்பன் யாருக்கும் வாய்க்கக் கூடாது.

அந்நேரம் அங்கு வந்து சேர்ந்தாள் மாதேஸ்வரி. ஆமிரிடம் இரண்டு டம்ளர் வாங்கினாள். ஒன்றை ஒரே மூச்சில் குடித்தாள். தரையில் கிடந்த நாயகனைப் பார்த்தாள். சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை.

“இந்தாங்ணா, குடிங்க. குடுக்கக் கூடாதுன்னு நானொண்ணும் சத்தியம் பண்ணல,” என்று இரண்டாவது டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டு, பாலத்தில் ஏறினாள்.

குடித்தான் உஸ்மான். அடடா, அந்த முதல் மிடறு! நாக்கு அழுதது, காது பாடியது, பிறந்த நாள் முதல் தின்ற பழமெல்லாம் ஒன்றாக வந்து அவனைக் கட்டிக்கொண்டது. துள்ளி எழுந்து ஓடினான். ஆனால் சர்க்கரையை எரிப்பது எப்படி என்று அவன் தசைகளுக்கு மறந்து போயிருந்தது. துள்ளல் பத்தடியில் தீர்ந்தது. பாலத்தின் உச்சியில் மாதேஸ்வரியின் பின்னல் இடமும் வலமும் ஆடி, அப்புறம் இறங்கி மறைந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சென்னப்பன் தாண்டிப் போனான். கணக்குப் பிரிவு முனிசாமி, தொப்பையோடு, “வரேன் பாய்” என்று விடைபெற்றுத் தாண்டிப் போனார். அவன் ஆலை வாயிலை அடைந்தபோது பரிசளிப்புக்கு மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

கோப்பை மாதேஸ்வரியின் கைக்குப் போனதைப் பார்த்தபோது அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவள் மேடையிலிருந்து நேராக அவனிடம் வந்து, “இன்னும் ரெண்டு வருசம் உங்களுக்கு டைம் இருக்குங்ணா, அதுக்குள்ள வந்து புடிச்சுக்கங்க. புடிக்கலன்னா இது எங்கூட்டுக்குத்தான்,” என்றாள்.

இவ்வாறாக, வாகை இழந்து, வஞ்சினம் குலைந்து, வாட்ஸப் குழுவில் குவிந்த ‘வென்றீரா வேந்தே’ என்னும் வினாக்களுக்கு விடையிறுக்காது, மாம்பழக் கறை மார்பில் பதக்கமென விளங்க, ஆமிரின் தோள்மீது சாய்ந்து, அரசிழந்த மன்னன் அரண்மனை புகுவது போலத் தன் இரண்டாம் மாடி வாடகை வீட்டின் படிகளேறி, வெற்றிச் செய்திக்காக வாசலிலேயே நின்ற நபீலாவின் முகத்தை நிமிர்ந்து நோக்கி, ஈற்றில் இதழ் திறந்தான் உஸ்மான்.

“நபீலா, சோறு இருக்கா?” என்று கேட்டான்.